ஆயிரம் ரூபாய்க்கு ஓர் உலகப் பொய்

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போய், ஜூரிச் விமான நிலையத்திலேயே வாடகைக் கார் எடுத்து, ஆல்ப்ஸ் மலையைத் தானே ஓட்டிச் சுற்றிவருவதென்று முடிவெடுத்திருக்கும் அன்பருக்கு என் வாழ்த்துகள். விசா வந்துவிட்டது. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், குட்டி ரைஸ் குக்கர் எல்லாம் பெட்டியில் ஏறிவிட்டன. மிச்சமிருப்பது ஒரு சின்னக் காகிதம்: சர்வதேச ஓட்டுநர் அனுமதி.

அதை எப்படி வாங்குவது என்று பலர் பதறுகிறார்கள். பதற ஒன்றுமே இல்லை. படிவம் 4ஏ. கட்டணம் ஆயிரம் ரூபாய். லைசென்ஸ், பாஸ்போர்ட், விசா, போட்டோ. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்தால் ஒரு சிறு புத்தகம் தருவார்கள், ஓராண்டு செல்லும். 1949இல் ஜெனீவாவில் உருவான சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் பேரில், 'இவருக்கு வண்டி ஓட்டத் தெரியும், நாங்கள் பொறுப்பு' என்று இந்தியக் குடியரசு உலக நாடுகளுக்குச் சொல்லும் சாட்சியம் அது. 2022இல் அதில் கியூஆர் கோடு ஒன்றையும் சேர்த்து அழகுபடுத்தியிருக்கிறார்கள்.

இதற்குத் தேர்வு உண்டா? கிடையாது. ஏன் கிடையாது? உங்களிடம் ஏற்கெனவே லைசென்ஸ் இருக்கிறதே! அதை ஒழுங்காகத் தேர்வு வைத்துத்தானே கொடுத்திருப்பார்கள்! (இந்த இடத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே படிக்கவும்.)

அந்தத் தேர்வு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆம் விதி என்று ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் கேட்டு வருபவர் கிளம்பும் முன் கண்ணாடியைச் சரிசெய்கிறாரா, திரும்பும்போது சைகை காட்டுகிறாரா, அவசரத்தில் நிறுத்தத் தெரிகிறதா, சிக்னலோ போலீசோ இல்லாத பாதசாரிக் கடவையில் கடப்பவருக்கு முன்னுரிமை தருகிறாரா என்றெல்லாம் பார்க்கச் சொல்கிறது அந்த விதி. எழுதியவர் நல்ல மனிதராக இருக்க வேண்டும். இப்போது நடந்ததை நினைத்துப்பாருங்கள். ஒரு பொட்டல் மைதானம். டிரைவிங் ஸ்கூல் வண்டி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் காலடியில் இன்னொரு கிளட்ச், இன்னொரு பிரேக். "சார், நீங்க ஸ்டியரிங்கை மட்டும் புடிங்க. மத்ததை நான் பாத்துக்குறேன்." அந்த 'மத்த'தில் கிளட்ச், பிரேக், ஆய்வாளர் மூன்றும் அடக்கம். அந்த மைதானத்தில் பாதசாரியும் இல்லை, கடவையும் இல்லை. முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம். இறங்கிக் கையெழுத்துப் போட்டீர்கள். சாயங்காலம் ஸ்வீட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனீர்கள். கட்டிய தொகையில் அரசாங்கத்துக் கட்டணம் எவ்வளவு, 'மத்தது' எவ்வளவு என்று நீங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

நான் மிகைப்படுத்துவதாக யாருக்காவது தோன்றினால் நிதின் கட்கரியைக் கேட்கலாம். நாட்டில் புழங்கும் லைசென்ஸ்களில் 30 சதவீதம் போலி என்று சொன்னவர் எதிர்க்கட்சித் தலைவர் இல்லை, நெடுஞ்சாலைத் துறை அமைச்சரான அவரேதான். சர்வதேச மாநாடுகளில் சாலை விபத்து பற்றிப் பேச்சு வந்தால் முகத்தை மறைத்துக்கொள்ளப் பார்ப்பதாக 2024 டிசம்பரில் மக்களவையில் சொன்னவரும் அவரே. பாராட்ட வேண்டிய நேர்மை. ஆனால் ஐயா, அமைச்சர் முகத்தை மறைத்துக்கொள்கிறார், அவர் அமைச்சகம் வகுத்த படிவத்தில் அந்த 30 சதவீதத்தாருக்கும் சர்வதேச அனுமதி கிடைத்துக்கொண்டிருக்கிறது. உள்நாட்டில் உள்ளூர்ப் பொய்யாக இருந்தது ஆயிரம் ரூபாயில் உலகப் பொய்யாகப் பதவி உயர்வு பெறுகிறது.

ஜெர்மனியில் ஒரு பதினெட்டு வயதுப் பையன் லைசென்ஸ் வாங்க என்ன பாடு படுகிறான் தெரியுமா? ஒன்றரை மணிநேர வகுப்புகள் பதினான்கு. முதலுதவிப் பயிற்சி. அதற்குமேல் சட்டப்படி கட்டாயமான சிறப்பு ஓட்டங்கள் பன்னிரண்டு: ஐந்து ஊர்ப்புறச் சாலையில், நான்கு ஆட்டோபான் என்னும் விரைவுச் சாலையில், மூன்று இருட்டில். பிறகுதான் தேர்வு. நிஜமான சாலையில், நிஜமான வாகனங்களுக்கு நடுவே. பையனின் அப்பாவுக்குச் சில ஆயிரம் யூரோ பழுத்துவிடும். அந்தப் பையனும் நீங்களும் நாளை ஒரே சாலையில், ஒரே வேகத்தில், ஒரே உரிமையோடு போகப்போகிறீர்கள். அவன் பாவம், இது தெரியாமல் பின்னால் நிம்மதியாக வந்துகொண்டிருப்பான்.

சுவிஸ்காரர்கள் இதில் கொஞ்சம் வெள்ளந்திதான் என்று சொல்ல வேண்டும். சுற்றுலா வந்தவரென்றால் நம்பி விட்டுவிடுகிறார்கள். குடியேறி ஓராண்டுக்கு மேல் தங்கினால்தான் விழித்துக்கொள்கிறார்கள். நம் போன்ற நாடுகளின் லைசென்ஸை மாற்றிக்கொள்ள அங்கே ஓட்டிக்காட்ட வேண்டும். ஒரே ஒரு வாய்ப்பு. தோற்றால் மறு ஓட்டம் இல்லை. கற்றுக்கொள்பவனாக அடியிலிருந்து தொடங்க வேண்டியதுதான். யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் போன ஈழத்தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இப்படித்தான் தேறி, பனியிலும் மலையிலும் ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே 'நம்ம ரத்தத்துலேயே ஒழுங்கு கிடையாது சார்' என்ற பழைய பாட்டை யாரும் எடுக்க வேண்டாம்.

சரி, காகிதம் கிடைத்துவிட்டது. இனி சாலை.

ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். சாலையில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நம்மவருக்கு இது பெரிய கஷ்டமாக இராது. எதிர்ப்பக்கத்தில் ஏறி, ஹெட்லைட்டைப் போட்டு, எதிரே ஒழுங்காக வருபவனை முறைத்து ஒதுக்கிப் பழகியவருக்குச் சாலையின் இரண்டு பக்கமும் பிதுரார்ஜிதம்தானே. இண்டிகேட்டர் தண்டும் இடம் மாறியிருக்கலாம், திருப்பத்தில் பழக்கதோஷத்தால் வைப்பரைத் தட்டிவிடுவீர்கள் என்று எல்லா வழிகாட்டிகளும் எச்சரிக்கின்றன. உங்களுக்கு அந்த ஆபத்தும் இல்லை. இண்டிகேட்டர் போடும் பழக்கம் இருந்தால்தானே தவறான தண்டில் கை போவதற்கு? ஒன்று மட்டும் செய்யாதீர்கள். நாற்சந்தியில் நேரே போவதற்காக நான்கு விளக்கையும் மினுக்கும் நம் தேசியக் கண்டுபிடிப்பை அங்கே காட்ட வேண்டாம். வண்டி பழுது என்று நினைத்து யாராவது உதவிக்கு வந்துவிடுவார்கள்.

ஹாரன் இருக்கும். அடிக்கக் கூடாது. ஆபத்தைத் தவிர்க்க மட்டுமே அடிக்கலாம் என்பது அங்கே சட்டம். மலைப்பாதைகளில் மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து ஒன்று வரும். ரொசீனியின் 'வில்லியம் டெல்' இசையிலிருந்து எடுத்த மூன்று ஸ்வரத்தில் அது ஹாரன் ஊதும். ஊதினால் நீங்கள் ஒதுங்க வேண்டும், அந்த ஓட்டுநர் சொல்வதைக் கேட்க வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். 'அடடா, எவ்வளவு நாகரிகமான விதி!' என்று புல்லரிக்காதீர்கள். மலையில் ஏறும் வண்டிக்கு முன்னுரிமை என்பது நம் நாட்டுச் சட்டத்திலும் அச்சாகியிருக்கிறது. கொடைக்கானல் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் எவன் ஒதுங்குவது என்று இரண்டு எஸ்.யூ.வி.க்கள் மூக்கோடு மூக்கு வைத்து நிற்க, பின்னால் இரண்டு கிலோமீட்டருக்கு வண்டிகள் தேங்கும்போது, அந்தச் சட்டமும் எங்கோ பின்னால் தேங்கித்தான் கிடக்கிறது.

கோடு போட்ட கடவையோரம் ஒரு மூதாட்டி வந்து நின்றால் போதும், வண்டி நிற்க வேண்டும். அவர் கையை நீட்ட வேண்டாம், ஓட வேண்டாம், கெஞ்ச வேண்டாம். நீங்களும் நிறுத்துவீர்கள். நிறுத்திவிட்டு அவர் புன்னகைத்துத் தலையசைப்பதை மனைவியிடம் காட்டி, "பாத்தியா, எவ்ளோ மரியாதை!" என்று நெகிழ்வீர்கள். நம் ஊரில் கடவை என்பது சாலையின் அலங்காரக் கோலம். ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையைப் போலீஸ்காரர் மாதிரி விரித்துக்கொண்டு ஓடும் பெண்மணியைப் பார்த்து நீங்கள் பிரேக்கைத் தொட்டதுண்டா? ஹாரனைத் தொட்டிருக்கிறீர்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் செத்த பாதசாரிகள் 32 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் யாரும் வில்லியம் டெல் கேட்டுச் சாகவில்லை.

வேகம். ஊருக்குள் 50, வெளியே 80, விரைவுச் சாலையில் 120. இதில் 'கொஞ்சம் முன்னே பின்னே' கிடையாது. கருவியின் பிழையைக் கழித்த பிறகு ஊருக்குள் ஒரு கிலோமீட்டர் அதிகம் என்றாலும் 40 பிராங்க். ஊருக்குள் 50 இருக்கும் இடத்தில் 100இல் போனால் அபராதத்தோடு முடியாது, குற்ற வழக்கு, சிறைவரை போகும். போலீஸ் நிறுத்தினால் என்ன செய்வதென்று சிலர் கேட்கிறார்கள். செய்யக் கூடாததைச் சொல்கிறேன். இறங்கிப் போய்த் தோளில் கை போடாதீர்கள். லைசென்ஸுக்குள் நோட்டை மடித்து நீட்டாதீர்கள். அங்கே அது தனிக் குற்றம். "நான் யார் தெரியுமா?" என்று கேட்காதீர்கள், அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். "மாவட்டத்துக்குப் போன் போடட்டுமா?" என்பதும் எடுபடாது. அங்கே கான்டன் என்ற மாநிலம் உண்டு, நம் கட்சி 'மாவட்டம்' கிடையாது. வண்டிக் கண்ணாடியில் 'பிரஸ்', 'அட்வகேட்', தலைவர் படம், கட்சிக்கொடி எதுவும் இல்லாமல் நிர்வாணமாக ஓட்டுவது உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். பழகிக்கொள்ள வேண்டியதுதான். சென்னையிலேயே 2024இல் இந்த ஸ்டிக்கர்களை எடுக்கச் சொல்லிப் போக்குவரத்துப் போலீஸ் உத்தரவு போட்டது. எத்தனை பேர் எடுத்தார்கள் என்பதை அடுத்த சிக்னலில் நின்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

விரைவுச் சாலைக்கு ஆண்டுக் கட்டண வில்லை 40 பிராங்க். வாடகை வண்டியில் ஒட்டியே இருக்கும். நீல வண்ணக் கட்டங்களில் நிறுத்தினால் ஓர் அட்டைக் கடிகாரத்தில் வந்த நேரத்தை நீங்களே வைத்துவிட்டுப் போக வேண்டும். ஆமாம், நீங்களே. உங்கள் முகத்தில் மலரும் சிரிப்பு எனக்குத் தெரிகிறது. வேண்டாம்.

செயின்ட் கோத்தார்ட் சுரங்கத்தைத் தாண்டித்தான் பலர் இத்தாலி பக்கம் போவார்கள். 16.9 கிலோமீட்டர் நீளம், ஒரே குழாய், திசைக்கு ஒரு தடம். 2001இல் உள்ளே இரண்டு லாரிகள் மோதித் தீப்பிடித்ததில் 11 பேர் செத்தார்கள். இப்போது லாரிகளை எண்ணி எண்ணி உள்ளே விடுகிறார்கள். ஈஸ்டர் விடுமுறையில் வாசலில் பத்துக் கிலோமீட்டர் வரிசை நிற்கும். நிற்பார்கள். உங்களுக்கு வலப்பக்கம் ஓர் ஒற்றையடி இடம் காலியாகத் தெரியும். அதில் யாரும் நுழையாதது ஏன் என்று தவிப்பீர்கள். அது அவசரத்துக்கான இடம். அங்கே 2021 முதல் இன்னொரு சட்டமும் இருக்கிறது: நெரிசலில் வண்டிகள் ஊரத் தொடங்கியதுமே, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிறதோ இல்லையோ, இரண்டு தடத்தாரும் இரு ஓரமாக ஒதுங்கி நடுவே ஒரு பாதை விட்டு நிற்க வேண்டும். வராத ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டு நிற்கிறார்கள்! நம் நாட்டில் வருகிற ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்று சட்டம். ஆம்புலன்ஸ் வந்தால் நாமும் சுறுசுறுப்பாகத்தான் வழிவிடுகிறோம். விட்டு, அது போனதும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நாலு சிக்னல் தாண்டுகிறோம். உள்ளே மூச்சுக்குத் தவிப்பவனின் உயிர், வெளியே இருப்பவனுக்குப் பைலட் வண்டி.

இத்தாலிக்குள் போனால் புளோரன்ஸ், பைசா போன்ற ஊர்களின் பழைய பகுதிகளில் அனுமதியில்லாத கார்கள் நுழையக் கூடாத வட்டாரங்கள் உண்டு. தடுப்புக் கட்டை இருக்காது, கேமரா இருக்கும். நுழைந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது. வாடகைக் கம்பெனி உங்கள் முகவரியைக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு கட்டணத்தையும் உங்கள் கார்டில் பிடித்துக்கொள்ளும். அபராதக் கடிதம் பல மாதம் கழித்து வீடு தேடி வரும். நாலு தடவை சுற்றியிருந்தால் நாலு கடிதம். இதைப் பற்றி நம்மவர்கள் புலம்பும் புலம்பல் இருக்கிறதே! "கொள்ளைக்காரப் பசங்க சார்!" போதையில் ஓட்டிப் பிடிபட்டாலும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நம்பும் மனிதருக்கு, விதிப்படி வந்த அபராதம் கொள்ளையாகத்தான் தெரியும்.

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே என்னால் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை.

பன்னிரண்டு வயது நிறையும்வரை, அல்லது உயரம் 150 சென்டிமீட்டரைத் தொடும்வரை, அதற்குரிய இருக்கையில் கட்டித்தான் உட்கார வைக்க வேண்டும் என்பது சுவிஸ் சட்டம். வாடகை கவுன்டரில் நாளொன்றுக்கு இவ்வளவு என்று அதற்குத் தனிக் காசு கேட்பார்கள். முணுமுணுத்துக்கொண்டே கொடுப்பீர்கள். பிள்ளையைக் கட்டுவீர்கள். பின்சீட்டில் பாட்டியும் பெல்ட் போடுவார். பத்து நாளும் போடுவார். பிறகு சென்னை வருவீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதே பிள்ளை காரின் மேற்கூரைத் திறப்பில் இடுப்புக்கு மேலே வெளியே நின்று கையசைத்துக்கொண்டு வரும். கீழே அப்பா நூறில் ஓட்டுவார். சின்னதை அம்மா முன்சீட்டில் மடியில் வைத்திருப்பார், காற்றுப்பைக்கு நேர் எதிரே. பெல்ட் போடாவிட்டால் வண்டி கத்துமே என்கிறீர்களா? அதற்கும் நம் நாட்டில் மருந்து விற்றது. பெல்ட் மாட்டும் வாயில் செருகி அலாரத்தை ஏமாற்றும் சின்னக் கொக்கி. அதை விற்ற இணையக் கடைகளிலிருந்து 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நீக்கவைத்த விற்பனைப் பக்கங்கள் 13,118. உன் உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று கத்தும் இயந்திரத்தின் வாயை அடைக்க இத்தனை ஆயிரம் விற்பனைப் பக்கங்கள்! வாங்க ஆளிருந்ததால்தானே விற்றார்கள்? இதெல்லாம் எப்போது? 2022 செப்டம்பரில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே பாலத்தில் கார் மோதி, பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் செத்ததைப் பார்த்து நாடே உச்சுக்கொட்டி எட்டு மாதம் ஆன பிறகு. உச்சுக்கொட்டிய வாய் ஒரு பக்கம், கொக்கி மாட்டிய கை ஒரு பக்கம்.

பிள்ளைக்கு ஜூரிச்சில் உயிர் இருந்தது, சோழிங்கநல்லூரில் இல்லை என்றா பெற்றவர்கள் நினைக்கிறார்கள்? இல்லை. ஜூரிச்சில் அபராதம் இருந்தது. அவ்வளவுதான். விதி தெரியாததால் நாம் மீறவில்லை. தெரியும், கடைப்பிடிக்கவும் முடியும், பத்து நாள் செய்தும் காட்டினோம். 'அறியாமை' என்று இத்தனை காலம் விழிப்புணர்வு வாரம் நடத்தி, துண்டுப் பிரசுரம் கொடுத்து, எமதர்மன் வேஷம் போட்டு நடுரோட்டில் கூத்துக் காட்டியதெல்லாம் எவ்வளவு பெரிய ஏமாற்று வேலை!

திரும்பி வந்தவர் முதல் வேலையாக ஒரு பதிவு போடுவார். 'என்ன ஒழுங்கு! என்ன கட்டுப்பாடு! வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்.' இந்த அடிமைப் புத்திக்கும் ஒரு கணக்குச் சொல்கிறேன். 1971இல் அந்தச் சின்ன சுவிட்சர்லாந்தின் சாலைகளில் செத்தவர்கள் 1,773 பேர். அப்போதும் அவர்கள் வெள்ளைக்காரர்களாகத்தான் இருந்தார்கள். சீட் பெல்ட் போடச் சொன்னதற்குத் தனிமனிதச் சுதந்திரம் பறிபோகிறதென்று அவர்களும் கூப்பாடு போட்டார்கள். வழக்கு, வாக்கெடுப்பு எல்லாம் நடந்து, மயிரிழையில் ஜெயித்து, 1981இல்தான் அது கட்டாயமானது. 1984இல் ஊருக்குள் வேகத்தை 50ஆகக் குறைத்தார்கள். 2022இல் செத்தவர்கள் 241. நடுவில் ரத்தம் மாறவில்லை, சட்டம் மாறியது; மாறிய சட்டம் காகிதத்தில் இருந்து இறங்கிச் சாலைக்கு வந்தது.

அதே 2022இல் தமிழ்நாட்டில் செத்தவர்கள் 17,884. மக்கள் தொகையில் நாம் அவர்களைவிட எட்டு ஒன்பது மடங்கு பெரிது. சாவில் எழுபத்து நாலு மடங்கு. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு இந்தியாவிலேயே முதலிடம் நமக்கு: 64,105. எதற்கெடுத்தாலும் 'இந்தியாவிலேயே முதல் மாநிலம்' என்று பேனர் வைக்கும் கட்சிகளில் ஒன்றுகூட இதற்குப் பேனர் வைக்கவில்லை. எந்தக் கட்சி ஆண்டால் என்ன, இந்தச் சாவுக்கு எதிராக ஒரு மறியல், ஒரு வெளிநடப்பு, ஒரு நாள் உண்ணாவிரதம் உண்டா?

சட்டத்தில் நாம் இளப்பம் என்றும் நினைக்காதீர்கள். குடித்துவிட்டு ஓட்டுவதில் சுவிஸ் வரம்பு ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம். நம்முடையது 0.3. காகிதத்தில் நாம்தான் கண்டிப்பான வாத்தியார். ஆனால் 2016 டிசம்பரில் நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது என்ன நடந்தது? கடையை நகர்த்துவதைவிடச் சாலையின் பெயரை நகர்த்துவது சுலபமென்று பல மாநில அரசுகளுக்கு ஞானம் பிறந்தது. நேற்றுவரை நெடுஞ்சாலையாக இருந்தது இன்று ஊராட்சிச் சாலை, நகராட்சிச் சாலை. குடிகாரனுக்கும் லாரிக்கும் நடுவே அதே தார், அதே தூரம்.

பணக்காரனுக்கு என்ன தண்டனை என்பதையும் பார்த்துவிடுவோம். 2023இல் பின்லாந்தின் ஓலண்ட் தீவில் 50 வரம்பில் 82இல் போன ஆண்டர்ஸ் விக்லோஃப் என்ற கோடீஸ்வரருக்கு விதித்த அபராதம் 1,21,000 யூரோ. ஒரு கோடி ரூபாய்க்கு மேல். அங்கே அபராதம் வருமானத்தைப் பார்த்துத்தான். யாரும் சாகவில்லை, யாருக்கும் சிராய்ப்புகூட இல்லை, வேகத்துக்கு மட்டும் அவ்வளவு. 2024 மே மாதம் புனேயில் பதினேழு வயதுப் பணக்காரப் பையன் ஓட்டிய போர்ஷே கார் பைக்கில் போன இரண்டு இளம் பொறியாளர்களை நள்ளிரவில் அடித்துக் கொன்றது. சிறார் நீதி வாரியம் அன்றே பிணை கொடுத்தது. நிபந்தனைகளில் ஒன்று: சாலை விபத்து பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும். ஒரு பிணத்துக்கு 150 சொல். நாடே காறித் துப்பிய பிறகுதான் அந்த உத்தரவு மாறியது.

கடைசி ஆலோசனை, மிக முக்கியமானது. வெளிநாட்டில் நீங்கள் யாரையாவது மோதிவிட்டால் ஓடாதீர்கள். நிறுத்துங்கள். அடிபட்டவருக்கு உதவுங்கள். ஆம்புலன்ஸுக்கு 144, போலீசுக்கு 117. சுவிட்சர்லாந்தில் ஒருவரைக் காயப்படுத்திவிட்டோ கொன்றுவிட்டோ ஓடினால் மூன்றாண்டுவரை சிறை. ஓடவும் முடியாது, அடுத்த சுங்கத்திலோ விமான நிலையத்திலோ பிடிப்பார்கள்.

நம் நாட்டில் 2022இல் மோதிவிட்டு நிற்காமல் போன வண்டிகள் கொன்றவர்கள் 30,486 பேர். ஓடிய வண்டி பிடிபடாவிட்டால் செத்தவர் குடும்பத்துக்கு அரசுத் திட்டத்தில் இரண்டு லட்சம் ரூபாய். இதுவே 2022 ஏப்ரலில் உயர்த்திய பிறகு. அதற்கும் மனுப்போட்டு அலைய வேண்டும். இந்த அக்கிரமத்துக்கு ஒரு முடிவு கட்டுவதாகச் சொல்லி, புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 106ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவாக ஒன்றைச் சேர்த்தார்கள்: கவனக்குறைவாக ஓட்டி ஓர் உயிரைக் கொன்றுவிட்டுப் போலீசிடமோ நீதிபதியிடமோ சொல்லாமல் தப்பி ஓடினால் பத்தாண்டுவரை சிறை. இதை எதிர்த்து 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. நின்றால் கூட்டம் அடித்தே கொல்லும் நாட்டில் நிற்கச் சொல்லும் சட்டம் அவர்களை அச்சுறுத்தத்தான் செய்யும். அந்தக் கூட்டத்தை அடக்க வழி தேடியிருக்கலாம். அரசு சுலபமான வழியைத் தேடியது. 2024 ஜூலை 1ஆம் தேதி நாடெங்கும் அந்தச் சட்டம் முழுவதையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள், 106ஆம் பிரிவின் அந்த இரண்டாம் உட்பிரிவை மட்டும் விட்டுவிட்டு.